ஒரு வாளிக்கு ஆறு மூடி

ஜூலை 3, புதன்

முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். எந்தத் தெருவில் எந்தச் சாக்கடையைப் பார்த்தேன், எங்கே மருந்து தெளித்தேன் என்று தினமும் நாட்குறிப்பு எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் எழுதுகிற கை நிற்கவில்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லாததால், சில நாள் என் மனைவி மங்கை அடியில் "பார்த்தேன்" என்று எழுதிக் கிறுக்கி வைப்பாள். கேட்டால், "மேலதிகாரி இல்லாத ஆபீஸ் உருப்படாதுங்க" என்பாள்.

மங்கை போய் இன்று இருபதாம் நாள். காரியமெல்லாம் முடிந்து, மகள் தேன்மொழி நேற்று ஓசூருக்குக் கிளம்பினாள். இத்தனை நாள் வந்து போனவர்களின் செருப்பு மண், சிந்திய காப்பி, பந்திக் கறை எல்லாம் அப்படியே கிடந்தன. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். கறுப்புப் பினாயில் சாதாரணமாக ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி போதும். நான் ஆறு மூடி போட்டேன். காலரா வந்த வருஷம் நாங்கள் போட்ட கணக்கு அது. வேலைக்கு வரும் ஆரோக்கியம் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

பத்து மணிக்கு மங்கையின் பூனை வந்தது. வீட்டில் கூட்டம் கூடிய அன்றே யாரோ விரட்டி, அது மொட்டைமாடிப் பக்கம் ஓடிவிட்டது. இன்று பின்பக்கம் துவைக்கிற கல்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பின் வராந்தாவில் ஒரு தட்டில் பால் வைத்தேன். பூனைக்கு வீட்டுக்குள் இடமில்லை. மங்கை கொடுத்த சலுகை மங்கையோடு சரி.

அதற்கு அவள் வைத்த பெயர் கலெக்டர். வேலையில் இருந்தபோது கலெக்டர் ஆய்வுக்கு வருகிறார் என்றாலே ராத்திரியெல்லாம் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதை வைத்து ஆறு வருஷமாக என்னைக் கேலி செய்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், "ஏங்க, கலெக்டர் உங்களைப் பாக்கணுங்கிறார்" என்று கொண்டுவந்து மடியில் போடுவாள். நான் உதறிவிட்டு எழுந்து கை கழுவப் போவேன்.

ஜூலை 4, வியாழன்

பூனை வந்தது. பால் குடித்தது. அது நடந்த இடத்தை இரண்டு முறை துடைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 8, திங்கள்

ஆரோக்கியத்தை நிறுத்திவிட்டேன்.

பின் வராந்தாவை வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் மோப்பம் பிடித்த மூக்கு இது. என்னிடமா?

"பினாயில் எங்கம்மா?"

"போட்டேங்கய்யா."

"வாசனையே இல்லையே?"

அவள் துணியைப் பிழிந்தபடி, "பூனை நடமாடுற எடங்கய்யா, அதான்..." என்று இழுத்தாள்.

"பூனைக்காக வீடா, வீட்டுக்காகப் பூனையா?"

"அக்கா இருந்தா இப்படிப் பேச மாட்டீங்க" என்றாள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வேலை செய்தது பதினான்கு வருஷம். நான் செய்தது சரிதான். விதி என்றால் எல்லோருக்கும் விதி.

மத்தியானம் ரசம் வைத்தேன். புளி அதிகம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சமையலறையில் யாரும் இல்லை.

ஜூலை 10, புதன்

மங்கையின் பீரோ. நாற்பத்தொரு புடவை. எல்லாவற்றையும் எடுத்து உதறி, மடித்து, தட்டுக்கு ஐந்தாகப் பாச்சை உருண்டை போட்டேன். ஒரு பூச்சி அண்டாது. நெடி கண்ணைக் கரித்தது. கதவைச் சாத்திய பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தேன்மொழி பேசினாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"வீட்டுல என்ன பண்றீங்க?"

"வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. வந்து பாரு."

"வீடு வீடு மாதிரி இருந்தாப் போதும்ப்பா. கலெக்டர் உள்ள வர்றாரா?"

"பின்பக்கத்தோட சரி."

"அம்மா மடியிலயே கெடந்தவன்ப்பா. உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேணும்ல?"

"பூனை பேசுமா?" என்றேன். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் சிரிப்பாள்.

இன்று நான் பேசியது: மகளிடம் ஏழு நிமிஷம். பால்காரரிடம் "அரை லிட்டர்". அவ்வளவுதான்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசல் முதல் பின் வராந்தா வரை கழுவிவிட்டேன். துவைக்கிற கல்லையும் விடவில்லை. ஆறு மூடி. ஈரம் காய்வதற்குள் பூனை வந்து அதிலேயே நடந்து, உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நக்கிக்கொண்டிருந்தது. அதுவும் சுத்தக்காரன்தான் என்று நினைத்தேன். பால் பாதி மீதம்.

ஜூலை 21, ஞாயிறு

பூனை பாலைத் தொடவில்லை. வாயோரம் எச்சில் வடிகிறது. சளி பிடித்திருக்கும்.

ஜூலை 22, திங்கள்

இன்றும் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பின்னங்கால் நடுங்குகிறது. ஏதோ தொற்று போல. தொற்று என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உட்கார்ந்த இடத்தை மூன்று முறை துடைத்தேன். பினாயிலைக் கொஞ்சம் கூட்டியே போட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் பூனையைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் படுத்திருந்தது. குனிந்து கையை நீட்டினால் இன்னும் உள்ளே போகிறது. பால், பிஸ்கட், எதைக் காட்டினாலும் வரவில்லை. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் கூப்பிட்டு அது வரவில்லை என்றால், அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் அதைக் கூப்பிட்டதே இல்லை.

ஆரோக்கியத்தின் வீடு அடுத்த தெருவில். வாசலில் போய் நின்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா?"

"கலெக்டருக்கு உடம்பு சரியில்லம்மா."

பானையை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பினாள். ஏன் நிறுத்தினீர்கள், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்துக்கு முன்னால் மண்டியிட்டு, "அக்கா வரச் சொன்னாங்கடா, வா வா" என்றாள். அது ஊர்ந்து வெளியே வந்தது. துண்டில் சுற்றி எடுத்தோம். ஒரு கையளவுதான் இருந்தது.

ஆட்டோ பிடித்துத் தில்லைநகர்ப் பக்கம் ஒரு கால்நடை கிளினிக்குக்குப் போனோம். சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். கலெக்டர் என்றேன். "உங்க பேரைக் கேக்கல சார், பூனையோட பேரு" என்றாள். அதுதான் பூனையின் பெயர் என்றேன். மங்கை இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பாள்.

டாக்டர் சின்னப் பெண். நஸ்ரின் என்று பெயர். பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தாள். நாக்கெல்லாம் புண். பிறகு ஒரு பாதத்தைத் தூக்கி மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள்.

"வீட்டுல தரைக்கு என்ன போடுறீங்க சார்?"

"பினாயில்தான். கறுப்பு. ஒண்ணாம் நம்பர்."

"எவ்வளவு?"

"ஒரு வாளிக்கு ஆறு மூடி" என்றேன். அப்போதுகூடப் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் டார்ச்சை மேஜையில் வைத்தாள். "பூனை நாள் பூரா காலை நக்கிக்கிட்டே இருக்கும் சார். தரையில என்ன இருக்கோ அது நேரா வயித்துக்குப் போகும். மனுஷன், நாய்க்கெல்லாம் ஈரல் ஓரளவுக்குப் பிரிச்சு வெளிய அனுப்பிடும். பூனை ஈரலுக்கு அந்த சக்தி கிடையாது. கொஞ்சங் கொஞ்சமாச் சேரும். கறுப்பு, வெள்ளை எந்தப் பினாயிலும் ஆகாது. பாச்சை உருண்டை, கற்பூரம் ஆகவே ஆகாது."

"நான் சுகாதார ஆய்வாளரா இருந்தவன்மா" என்றேன்.

"தெரியுது சார்" என்றாள்.

பாதங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். பிழைக்குமா என்று கேட்டேன். நான்கு நாள் தாண்டட்டும் என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஆரோக்கியம் வெளியே பார்த்தபடி வந்தாள். உறையூர் நெருங்கும்போது, "ஐயா, ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது" என்றாள். "அக்கா இந்த ஆறு வருஷமா வீட்டுக்குள்ள பினாயிலே போட்டதில்லைங்கய்யா. நீங்க வாங்கிட்டு வர்றதைக் கக்கூஸ்ல ஊத்திருவோம். நீங்க வெளிய போயிட்டு வர்ற நேரத்துக்கு வாசல் கால்மிதியில மட்டும் ரெண்டு சொட்டு விடுவாங்க. உள்ள வெந்நீர்தான். துளி சோப்பு, அப்புறம் வெறுந்தண்ணி. தரை காயிற வரைக்கும் அவனை மடியில பிடிச்சு வச்சுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருப்பாங்க."

நான் வீட்டுக்கு வருவேன். வாசலில் நின்று மூச்சை இழுப்பேன். "இதுதாம்மா வீடு" என்பேன். எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! அவள் "எல்லாம் உங்க டிரெய்னிங்தாங்க" என்பாள்.

"எதுக்கு என்கிட்ட மறைக்கணும்? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றேன்.

ஆரோக்கியம் தயங்கினாள். "முன்னாடி இவனோட ஒரு குட்டி வந்துச்சுல்லங்கய்யா, வெள்ளை. அது செத்தப்ப நானும் அக்காவும்தான் டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனோம். அப்பவே சொல்லிட்டாங்க, பினாயில்னு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு தாங்க மாட்டீங்கன்னு என்னை மாதாமேல சத்தியம் பண்ணச் சொன்னாங்க."

ஆட்டோக்காரர் வீடு வந்துவிட்டது என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

ஜூலை 24, புதன்

பரணில் இருந்து ஆறு வருஷத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். என் கையெழுத்து. "வெள்ளைக் குட்டி இறந்தது. எலி மருந்து தின்றிருக்கலாம். பின்பக்க மூலையில் புதைக்கப்பட்டது. வீடு முழுவதும் பினாயில் இரட்டை அளவில் போட்டுக் கழுவப்பட்டது. வேறு விசேஷம் இல்லை."

அடியில், "பார்த்தேன்." மங்கையின் கிறுக்கல்.

எல்லாம் தெரிந்துதான் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறாள். அந்தக் குட்டிக்காக அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு மிருகத்துக்கு இவ்வளவா என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. ஆறு வருஷம் என்னைச் சமாளித்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. அதைவிட, இதைப் பற்றி அவளோடு ஒரு சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. அவள் போனதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது அதுதான். யாரோடு போய்ச் சண்டை போடுவேன்?

கிளினிக்குக்குப் போன் செய்தேன். அப்படியே இருக்கிறதாம்.

ஜூலை 26, வெள்ளி

ஆரோக்கியம் மறுபடி வருகிறாள். நான் கேட்கவில்லை, அவளே வந்தாள். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. துடைப்பானை வாங்கி நானே துடைக்க ஆரம்பித்தேன். அவள் வெந்நீர் போட்டுப் போட்டுக் கொண்டுவந்தாள். பதினொரு வாளி.

"ஐயா, பிழிஞ்சு தொடைங்க. குளம் கட்டாதீங்க."

"சரிம்மா."

"மூலையை விட்டுட்டீங்க."

என்னை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் வந்துவிட்டாள். மிச்சமிருந்த இரண்டு பாட்டில் பினாயிலைக் கட்டி வெளியே வைத்துவிட்டேன். ஆனாலும் நெடி போகவில்லை. தரையின் இடுக்கெல்லாம் குடித்து வைத்திருக்கிறது.

ஜூலை 27, சனி

டாக்டர் போன் செய்தாள். ஈரல் சோதனை நன்றாக இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

தேன்மொழி பேசினாள். மறைக்காமல் சொல்லிவிட்டேன். வெள்ளைக் குட்டியையும் சேர்த்து.

"அம்மா எங்கிட்டகூடச் சொல்லலப்பா" என்றாள்.

"உங்கிட்டச் சொன்னா நீ என்னைப் பிடிச்சுக் கேட்டிருப்ப. அதான்."

அழுதாள். நான் அழவில்லை என்று எழுத வந்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லை.

மாலை கிளினிக்குக்குப் போனேன். கூண்டுக்குள் காலில் ஊசியோடு படுத்திருந்தது. விரலைக் கம்பிக்குள் விட்டேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். இவன் போய்விட்டால், மங்கையோடு வாழ்ந்தவன் என்று உலகத்தில் நான் ஒருவன்தான் பாக்கி. டாக்டர் போதும் சார் என்று சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

ஒரு ஸ்பூன் மீன் வேகவைத்த தண்ணீரை நக்கியது! தானாக!

ஜூலை 31, புதன்

சனிக்கிழமை அழைத்துப் போகலாமாம். டாக்டர் கறாராகச் சொன்னாள்: ஒரு மாதம் வெளியே விடக் கூடாது, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெந்நீரில் துடைத்தாலும் காயும்வரை வேறு அறையில் வைக்க வேண்டும். மூன்று மணிக்கு ஒரு தடவை சாப்பாடு, இரண்டு வேளை மருந்து. "உங்களால முடியுமா சார்?" என்றாள். எனக்கு வேறென்ன வேலை?

பீரோவைத் திறந்து பாச்சை உருண்டைகளைப் பொறுக்கினேன். போட்ட கணக்குக்கு இரண்டு குறைந்தது. அரைமணி நேரம் தேடி, கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து எடுத்தேன். புடவைகளை மாடியில் காயப் போட்டேன். பூச்சி அரித்தால் அரிக்கட்டும். முகத்தில் வைத்துப் பார்த்தால் எதிலும் அவள் வாசனை இல்லை. அதையும் நான்தான் துரத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. தெருவே சோற்று மூட்டையோடு காவிரிக்குப் போயிருந்தது. கூடையை நானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். கூடத்தில் இறக்கி மூடியைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கியது. கால் இன்னும் தள்ளாடுகிறது. நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பு மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒரு முறை கத்தியது. பசி என்று நினைத்துக் கஞ்சியை எடுத்தேன். அது கஞ்சியைப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவுக்குப் போனது. கதவைத் தள்ளிவிட்டேன். உள்ளே பார்த்து ஒரு கத்தல். படுக்கையறைக்குப் போய்க் கட்டிலின் இடது பக்கம், மங்கை படுக்கும் பக்கம், முன்னங்கால் இரண்டையும் வைத்து எட்டிப் பார்த்தது. பீரோவின் முன்னால் உட்கார்ந்தது. அதையும் திறந்து காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடி ஒரு கத்தல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மங்கை போன ஜூன் பதினான்காம் தேதி விரட்டப்பட்ட பிறகு அது வீட்டுக்குள் வந்ததே இல்லை. கிளினிக்குக்குப் போகும்வரை தினமும் அது வராந்தாவில் வந்து உட்கார்ந்தது என் பாலுக்காக இல்லை. உள்ளே அவள் இருக்கிறாள், இந்த ஆள்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறான் என்று காத்திருந்திருக்கிறது.

எல்லா இடமும் பார்த்துவிட்டுக் கூடத்தின் நடுவில் வந்து நின்றது. என்னைப் பார்த்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள். தேன்மொழிக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். நான் இதுவரை யாருக்கும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது.

"மங்கை இல்லப்பா" என்றேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி சொன்னேன். "செத்துப் போயிட்டா."

கலெக்டர் நம்பவில்லை. திரும்பிச் சமையலறையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. நானும் எழுந்து கூடவே போனேன்.